நம் சுவரிடுக்கும் ஆஸ்டின் நகரத்துப் பாலமும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் அடைப்பு குறித்த தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வருமுன் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடியிருப்போர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



அஜெண்டாவில் அடுத்து இருப்பது வௌவால் விஷயம். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் இடுக்கில் வௌவால்கள் குடியிருக்கின்றன. வாடை வருகிறது, பால்கனியில் எச்சம் விழுகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று மூன்று புகார்கள். மூன்றும் நியாயமான புகார்கள்தான். அந்த இடுக்கை ஒரே நாளில் ஃபோம் அடித்து மூடிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். நீங்கள் கை தூக்குவதற்கு முன் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள் என்பதால், மணி அடித்தால் நிறுத்தத் தெரியும்.

நான் சொல்லப்போவது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் கதை. ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்பீர்கள். இதே பிரச்சினை, இதே மாதிரி கான்கிரீட் இடுக்கு, ஆனால் நம்மைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிய அளவில் அங்கே ஒரு நகரத்துக்கு வந்தது. அந்த ஒரு வௌவாலைப் பற்றி அறிவியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். நாம் காசு செலவழிக்காமல் அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விளக்கம். வௌவால் என்றதும் நமக்கு ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னிதான் கண்ணுக்கு வரும். அவற்றுக்குத் தொந்தரவாகுமே என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கிராமங்கள் தமிழ்நாட்டில் உண்டு. நம் இடுக்கில் இருப்பது அதுவல்ல. இது பூச்சி தின்னும் சின்ன வௌவால். டெக்சஸ் வௌவாலும் பூச்சி தின்பதுதான். எடை சுமார் 12 கிராம். நம் சமையலறையில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையை அள்ளினால் வரும் கனத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. மற்ற பூச்சியுண்ணி வௌவால்களுக்கு வால் பெரும்பாலும் பின்கால்களுக்கு நடுவில் இருக்கும் தோல் சவ்வுக்குள்ளேயே அடங்கியிருக்கும். இதற்கு மட்டும் சவ்வைத் தாண்டி எலி வால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் இந்தக் குடும்பத்தைத் தனிவால் வௌவால்கள் என்று சொல்லிக்கொள்வோம்.

இது அமெரிக்கச் சரக்கு மட்டுமல்ல. எகிப்தியத் தனிவால் என்ற இனம் நம் தென்னிந்தியாவில் பாறை வெடிப்புகளிலும் பழைய கட்டடங்களிலும் வாழ்கிறது. சுருங்கிய உதடு கொண்ட இன்னோர் இனம் இந்தியாவிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் உண்டு. டெக்சஸில் இருப்பது மெக்சிகோத் தனிவால். குளிர்காலத்தை மெக்சிகோவில் கழித்துவிட்டு, வசந்தத்தில் வடக்கே வந்து குட்டி போடும்.

இப்போது பாலத்துக்கு வருகிறேன். டெக்சஸின் தலைநகர் ஆஸ்டின். ஊரின் நடுவே ஓடும் ஆற்றின் மேல் காங்கிரஸ் அவென்யூ பாலம் இருக்கிறது. 1980இல் அதைப் புதுப்பித்துக் கட்டினார்கள். அடியில் கான்கிரீட் உத்தரங்களுக்கு நடுவே நீள நீளமாக இடுக்குகள் விட்டார்கள். முக்கால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை அகலம், 16 அங்குல ஆழம். பொறியாளர்கள் வௌவாலை நினைத்து விட்டதல்ல. ஆனால் இருட்டு, இளஞ்சூடு, ஆந்தை நுழைய முடியாத குறுகல் என்று தனிவாலுக்கு வேண்டிய எல்லாமே அங்கே அமைந்துவிட்டன. லட்சக்கணக்கில் வந்து குடியேறின. கோடையின் உச்சத்தில் 15 லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஊர் என்ன செய்தது? நாம் செய்ததைத்தான். பயந்தது. வெறிநோய் பரவும் என்று பத்திரிகைகள் எழுதின. ஒழித்துக்கட்டச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடந்தது. அந்த நேரத்தில், 1986இல், மெர்லின் டட்டில் என்ற வௌவால் ஆய்வாளர் தான் தொடங்கிய பேட் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்போடு ஆஸ்டினுக்கே குடிபெயர்ந்தார். அவர் செய்தது போராட்டமல்ல. அதிகாரிகளையும் பத்திரிகைக்காரர்களையும் பள்ளிகளையும் தேடிப் போய்ப் பேசினார். கையில் பிடிக்காதவரை இதனால் உங்களுக்கு ஆபத்தில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் மெல்ல மனம் மாறியது. இன்றைக்குக் கோடை மாலைகளில் அந்தப் பாலத்தின் மேலும் ஆற்றங்கரையிலும் கூட்டம் கூடி நின்று, வௌவால்கள் புகை மாதிரி எழும்பிப் போவதை வேடிக்கை பார்க்கிறது. டெக்சஸ் போக்குவரத்துத் துறை தன் மற்ற பாலங்களிலும் வௌவால்கள் எங்கே தங்குகின்றன, ஏன் தங்குகின்றன என்று ஆராய முன்வந்தது.

சரி, பயம் முழுக்கப் பொய்யா? இல்லை. இதை மறைத்துப் பேசினால் நான் ஆசிரியையே அல்ல. டெக்சஸில் ஃப்ரியோ என்ற குகைக்குப் போய்வந்த இருவர் 1950களில் ரேபிஸ் வந்து இறந்தார்கள். டென்னி கான்ஸ்டன்டைன் என்ற ஆய்வாளர் அதே குகைக்குள் விலங்குகளைக் கூண்டில் வைத்துப் பார்த்தார். வௌவால் வந்து கடிக்க முடியாத கூண்டு. அப்படியும் சில விலங்குகளுக்கு நோய் வந்தது. கோடிக்கணக்கில் வௌவால்கள் அடைந்து, காற்றோட்டமே இல்லாமல் புழுங்கும் ஒரு குகையில் காற்று வழியாகவும் பரவக்கூடும் என்று 1962இல் எழுதினார். திறந்த வெளியில் இருக்கும் பாலத்துக்கோ நம் சுவருக்கோ அந்த நிலைமை பொருந்தாது.

நமக்குப் பொருந்தும் ஆபத்து வேறு. இயல்பாகப் பறந்து திரியும் தனிவால்களைப் பிடித்துச் சோதித்தால், நோய் உள்ளவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தரையில் விழுந்து பறக்க முடியாமல் கிடப்பவற்றில் அந்தக் கணக்கு கூடுகிறது. பிள்ளைகள் கையில் எடுப்பது அதைத்தான். ஆகவே விதி ஒன்றே ஒன்று: விழுந்து கிடக்கும் வௌவாலை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. கடித்துவிட்டால், சின்னக் கீறலானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இதே விதி நம் கேட்டுக்கு வெளியே திரியும் நாய்க்கும் பொருந்தும். நம் நாட்டில் ரேபிஸ் மரணங்களுக்கு முதல் காரணம் நாய்க்கடிதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடிய இடத்தில் சேர்ந்து கிடக்கும் காய்ந்த எச்சத்தைக் கிளறினால், அதிலிருந்து எழும் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம். அதனால் வாட்ச்மேனையோ துப்புரவுப் பணியாளரையோ துடைப்பத்தோடு அனுப்பி அதைப் பெருக்கச் சொல்வது தவறு. தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் கொடுத்துத்தான் அள்ளச் சொல்ல வேண்டும். அவர்கள் உடம்பும் நம் பொறுப்புதான்.

அடுத்தது, இந்தத் தீர்மானத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஓர் ஆராய்ச்சி. தனிவால் தாய் வருடத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். பிறக்கும்போதே குட்டி தாயின் எடையில் கால் பங்கு இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போக முடியாது. எல்லாத் தாய்களும் குட்டிகளைக் குகைச் சுவரில் ஒன்றாக ஒட்டவைத்துவிட்டுப் போகும். ஒரு சதுர மீட்டரில் நாலாயிரம், ஐந்தாயிரம் குட்டிகள். எல்லாம் இளஞ்சிவப்பாய், முடியில்லாமல், ஒன்றுபோல இருக்கும். இந்த நெரிசலில் தன் குட்டியைக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம், கிடைத்த குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும் என்றுதான் பல வருடம் நம்பினார்கள்.

கேரி மெக்ராக்கன் என்ற ஆய்வாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாயையும் குட்டியையும் சேர்த்துப் பிடித்து, ரத்தத்தில் உள்ள மரபுக் குறிகளை ஒப்பிட்டார். 1984இல் முடிவு வந்தது. நூற்றுக்கு 83 தடவை தாய் தன் சொந்தக் குட்டிக்குத்தான் பால் கொடுத்தது. எப்படி? விட்டுவிட்டுப் போன இடத்தை ஏறக்குறைய நினைவில் வைத்திருக்கிறது. பிறகு குரல், அதற்குப் பிறகு வாசனை. லட்சம் குட்டிகள் கத்தும் இடத்தில் தன் பிள்ளையின் குரலைப் பிரித்துக் கேட்கிறது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கேட்டில் நின்றவர்களுக்கு இது புரியும்.

குட்டி தானே பறக்க ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை இரவில் தாய் வெளியே, குட்டி உள்ளே. இப்போது யோசித்துப் பாருங்கள். இரவில் வௌவால் எல்லாம் வெளியே போனதும் ஃபோம் அடித்து மூடிவிடலாம், ஒன்றும் சாகாது என்று ஒப்பந்தக்காரர் சொன்னதாகச் செயலாளர் படித்தார். குட்டி உள்ள சமயத்தில் அப்படிச் செய்தால் குட்டிகள் உள்ளேயே சாகும். தாய்கள் வழி தேடி ஒவ்வொரு பால்கனியாக, ஜன்னலாக வந்து மோதும். செத்தவை சுவருக்குள்ளேயே அழுகும். வாடை போக வேண்டும் என்று பணம் கட்டி, இதைவிடப் பெரிய வாடையை வாங்கியிருப்போம்.

இதனால் நமக்கு என்ன லாபம் என்றும் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் ஒரு தப்பான பதிலை ஒதுக்கிவிடுகிறேன். கொசுவை ஒழிக்கும் என்று பலர் சொல்வார்கள். 1911இலேயே சான் அந்தோனியோவில் சார்லஸ் கேம்பெல் என்ற டாக்டர், மலேரியாவை ஒழிப்பதற்காக வௌவால்களுக்கென்றே மரத்தில் ஒரு கோபுரம் கட்டினார். வௌவால் வந்தது உண்மை. ஆனால் மெக்சிகோத் தனிவால் பெரும்பாலும் தின்பது அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும்தான் என்று பின்னால் வந்த உணவு ஆய்வுகள் காட்டின. ஆகவே டெங்குவுக்கு மருந்து வௌவால் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு நம் மொட்டைமாடித் தொட்டிகளின் மூடியைச் சரிசெய்ய வேண்டும். அது அஜெண்டாவில் அடுத்த பொருள்.

உண்மையான லாபம் வயலில் இருக்கிறது. டெக்சஸில் வானிலை ரேடார் திரையில், மழையே இல்லாத மாலைகளில் மேகம் மாதிரி ஏதோ விரிந்து தெரிந்தது. குகைகளிலிருந்து எழும்பும் தனிவால் கூட்டங்கள் அவை. நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் அவை என்ன செய்கின்றன என்று மெக்ராக்கனும் பூச்சியியலாளர்களும் தேடினார்கள். மெக்சிகோவிலிருந்து காற்றோடு வடக்கே வரும் ஒரு அந்துப்பூச்சியை அங்கேயே வழிமறித்துத் தின்கின்றன என்று கண்டார்கள். நம் பருத்தி, துவரை விவசாயிகளை அழவைக்கும் பச்சைக் காய்ப்புழுவின் நெருங்கிய உறவுப் பூச்சி அது. பால் கொடுக்கும் ஒரு தாய் ஒரே இரவில் தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரை பூச்சி தின்னும்.

அதைக் காசாகவும் கணக்குப் போட்டார்கள். தெற்கு டெக்சஸில் எட்டு மாவட்டங்கள் சேர்ந்த ஒரு பருத்திப் பகுதி. அங்கே வருடத்துக்கு 46 முதல் 64 லட்சம் டாலர் வரை பெறுமான பருத்தி விளைகிறது. அதில் வௌவால்கள் மிச்சப்படுத்திக் கொடுப்பது ஏறக்குறைய 7 லட்சத்து 41 ஆயிரம் டாலர் என்று 2006இல் வந்த ஆய்வு சொன்னது. பூச்சியின் அளவைப் பொறுத்து இது 1.2 லட்சமாகவும் குறையலாம், 17 லட்சமாகவும் கூடலாம் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். தாய்லாந்தில் நான் முன்பு சொன்ன சுருங்கிய உதட்டுத் தனிவால், நெல்லைத் தாக்கும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்கிறது. அதனால் வருடத்துக்கு ஏறக்குறைய 2,900 டன் நெல் காப்பாற்றப்படுகிறது, சுமார் 26,000 பேருக்கு அது சாப்பாடு என்று 2014இல் கணக்கிட்டார்கள். தத்துப்பூச்சி நம் டெல்டா விவசாயிக்குப் புதிதல்ல.

எண்ணிக்கை பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்கத் தென்மேற்கில் ஆறு பெரிய குடியிருப்புகளில் 5.4 கோடி வௌவால்கள் இருப்பதாக 1957இல் மதிப்பிட்டார்கள். பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் குன்ஸ் குழுவினர், உடல் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமராவை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். சுமார் 40 லட்சம்தான் வந்தது. பழைய கணக்கு கண்ணால் பார்த்துப் போட்டது என்பதால், எவ்வளவு உண்மையிலேயே அழிந்தது, எவ்வளவு முதலிலேயே மிகைப்படுத்தியது என்று பிரிப்பது கடினம். ஆனால் டிடிடி பூச்சிமருந்து கொன்றது என்பதற்குச் சான்று இருக்கிறது. தாய்ப்பால் வழியே குட்டியின் கொழுப்பில் அது சேர்கிறது. முதல் வலசைப் பயணத்தில் கொழுப்பு கரையும்போது விஷம் மூளைக்கு ஏறுகிறது. இதை 1976இல் சோதித்தே காட்டினார்கள். வருடத்துக்கு ஒரே குட்டி போடும் பிராணி, ஒரு முறை விழுந்தால் எழுந்துகொள்ள வெகுநாள் ஆகும்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இரண்டு சேதி. ஃப்ரியோ குகையிலிருந்து ஏழு தனிவால்களின் முதுகில் குட்டி ரேடியோ ஒட்டி, சின்ன விமானத்தில் பின்தொடர்ந்தார்கள். தரைக்கு நேர்க் கணக்கில் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை தொட்டது. அளந்த விதத்தில் சந்தேகம் கேட்ட விஞ்ஞானிகளும் உண்டு. அப்படிக் கேட்பதும் அறிவியல்தான். இன்னொன்று: ஒரு வௌவால் பூச்சியைப் பிடிக்கப் போகும் அந்த நொடியில், போட்டிக்கு வந்த இன்னொரு வௌவால் ஒரு தனி ஒலியை எழுப்பி அதன் எதிரொலியைக் குழப்பிவிடுகிறது. முதல் வௌவால் குறி தவறுகிறது. 2014இல் இதைக் கண்டுபிடித்தார்கள். கேரம் ஆடும்போது எதிராளி ஸ்ட்ரைக்கரைத் தட்டும் நேரம் பார்த்து இருமுவீர்களே, அதேதான்.

கடைசியாக, வீடு கட்டுபவர்கள் சம்பந்தப்பட்ட ஒரு நிகழ்ச்சி. சான் அந்தோனியோவுக்கு அருகில் பிராக்கன் குகை இருக்கிறது. உலகத்தின் மிகப்பெரிய வௌவால் குடியிருப்பு என்று பேர் பெற்றது. அதன் பக்கத்து நிலத்தில் சுமார் 3,500 வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. வீடு வந்தால் விளக்கு வரும், விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு வௌவால் பால்கனிக்கு வரும், பிறகு புகார் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. 2014இல் மாநகராட்சியும் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து, ஏறத்தாழ 2 கோடி டாலர் திரட்டி, 1,500 ஏக்கருக்கு மேல் இருந்த அந்த நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டார்கள். மக்களுக்கும் வௌவாலுக்கும் நடுவில் இடைவெளி வைப்பதற்கு அவ்வளவு விலை கொடுத்தார்கள். நமக்கு அவ்வளவு செலவில்லை. கொஞ்சம் பொறுமை போதும்.

இடுக்கை மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பி பிளாக் மூன்றாம் மாடியில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நேர் எதிரே எச்சம் விழுகிறது. அந்தத் தாய் படும் பாடும் எனக்குத் தெரியும். முறையாக மூடுவோம் என்பதுதான் என் கோரிக்கை. நான்கு திருத்தங்கள் வைக்கிறேன்.

ஒன்று, மாவட்ட வன அலுவலகத்தையோ அருகில் உள்ள கல்லூரியின் விலங்கியல் துறையையோ அணுகி, அங்கே இருப்பது எந்த இனம், குட்டி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்வோம். இனத்துக்கு இனம் குட்டி போடும் மாதம் மாறும். குட்டி இருந்தால் அவை பறக்கும்வரை காத்திருப்போம்.

இரண்டு, மூடுமுன் ஒருவழித் திரை போடுவோம். இடுக்கின் வாயில் வலையை மேலும் பக்கங்களிலும் ஒட்டி, கீழ்ப்பக்கம் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். உள்ளிருப்பது ஊர்ந்து வெளியேறும். திரும்ப நுழைய முடியாது. ஒரு வாரம் அப்படியே விட்டு, எதுவும் வெளியே வரவில்லை என்று உறுதியான பிறகு மூடலாம்.

மூன்று, மூடுவதைச் சிமென்ட்டால் மூடக் கூடாது. வெயிலில் கட்டடம் விரிவதற்காக விட்ட இடுக்கு அது. நெகிழ்ந்து கொடுக்கும் பொருள்தான் போட வேண்டும். இதை நம் பொறியாளர் உறுப்பினர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நான்கு, அதுவரை மூன்றாம் மாடி பால்கனிக்கு மேலே எச்சம் விழாதபடி ஒரு தகடு அடித்துக் கொடுப்போம். அந்தப் பக்கச் சுவர் விளக்கை இரவில் அணைத்து வைப்போம். வேலை முடிந்ததும் பின்பக்க மதிலோரம், யார் வீட்டு ஜன்னலுக்கும் எதிரில் இல்லாத இடத்தில், உயரமான கம்பத்தில் ஒரு வௌவால் பெட்டி வைத்துப் பார்ப்போம். வந்தால் வரட்டும், வராவிட்டால் மரப்பலகைச் செலவோடு போகட்டும்.

இந்த நான்கையும் சேர்த்தால் வேலை சில வாரம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆஸ்டின்காரர்கள் 15 லட்சம் வௌவாலோடு பழகிக்கொண்டார்கள். நம் இடுக்கில் இருப்பவற்றை மாலை ஆறரை மணிக்குக் கீழே பார்க்கில் நின்றால் நாமே எண்ணிவிடலாம். இந்த வாரம் யார் வருகிறீர்களோ வாருங்கள், சேர்ந்தே எண்ணுவோம். அந்தக் கணக்கையும் நிபுணரிடம் கொடுக்கலாம்.

தீர்மானத்தைத் திருத்தத்தோடு ஓட்டுக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.